மணலுக்குள் இறக்கிய நீர்

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போய்வந்த ஒருவராவது இல்லாத தெரு, மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் எங்கள் எழுவான்கரையில் அரிது. அப்படிப் போய்வந்தவர்களிடம், ஆறும் குளமும் மழையும் இல்லாத ஊரில் அத்தனை சனத்துக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "கடல் தண்ணியைத்தான் நல்ல தண்ணியாக்கிறாங்க" என்ற பதில் உடனே வரும். அந்தப் பதில் சரிதான். ஆனால் அது பாதிப் பதில். பாலைநிலத்து நகரமொன்றின் நீர்ப் பொறியியலில் நீரை உண்டாக்குவது முதற்படி. உண்டாக்கிய நீரை எங்கே வைப்பது, ஒருமுறை பயன்பட்ட நீரை எப்படி மறுபடி பிடிப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை காணாத நகரம், எவ்வளவு பெரிய நிலையத்தைக் கட்டி வைத்திருந்தாலும் கடல் ஒரு கிழமை கெட்டுப்போனால் தவித்துப்போகும். வளைகுடாவில் நன்னீராக்கல் நிலையமொன்றில் வேலை செய்த காலத்தில் எனக்கு இது மெல்ல மெல்லத்தான் விளங்கியது. அங்கே கண்டும் கேட்டும் படித்தும் அறிந்தவற்றுள் என் மனத்தை மிக அதிகமாகப் பிடித்தது, பெரும் பொருட்செலவில் ஆக்கிய நல்ல நீரை வேண்டுமென்றே மணலுக்குள் இறக்கிச் சேமிக்கும் முறையாகும். மணலில் கிணறு தோண்டி வாழ்கின்ற எங்கள் மக்கள் அதை அறிய வேண்டும் என்பதற்காகவே இந்தப் பதிவை எழுதுகிறேன்.

முதலில் கடலைப் பார்ப்போம். பொதுவாகக் கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு; ஆழம் குறைந்து, வெயில் கூடி, ஆற்றுநீரும் அதிகம் வந்து சேராத பாரசீக வளைகுடாவில் அது 40 கிராமைத் தாண்டிவிடும். உப்புநீருக்கும் நன்னீருக்கும் நடுவே மென்சவ்வு ஒன்று இருந்தால் நன்னீர்தான் உப்புநீரை நோக்கி நகரும் என்பதைப் பிரசாரணம் என்ற பாடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்த ஓட்டத்தை எதிர்ப்பக்கம் திருப்புவதற்கு, சாதாரணக் கடல்நீரானால் வளிமண்டல அமுக்கத்தின் 27 மடங்குக்கும் மேலான அமுக்கம் வேண்டும். நன்னீர் பிரியப் பிரிய எஞ்சும் நீர் மேலும் செறிவடைவதால், நடைமுறையில் 55 முதல் 70 மடங்கு வரை அமுக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு அமுக்கத்தையும் தாங்கி, உப்பைத் தடுத்து, நீரையும் போதிய வேகத்தில் விடக்கூடிய சவ்வு நெடுங்காலமாகக் கிடைக்கவில்லை. 1950களின் இறுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவிலிருந்து சென்ற சௌரிராஜன் என்பவரும் சேர்ந்து உருவாக்கிய சவ்வே அந்தத் தடையை உடைத்தது. மேற்பரப்பில் மிக மெல்லிய அடர்ந்த தோலும், அதன் கீழே நுண்துளைகள் நிறைந்த தடித்த படையும் கொண்டதாக அதை ஆக்கியதால், உப்பைத் தடுக்கும் வேலை அந்தத் தோலில் மட்டும் நிகழ்ந்தது. நீர் பழைய சவ்வுகளைவிடப் பல மடங்கு வேகமாகக் கடந்தது.

அடுத்த கேள்வி மின்சாரம். சாதாரணக் கடல்நீரில் பாதியை நன்னீராக எடுப்பதற்கு, எந்த இழப்பும் இல்லையென்று வைத்துக்கொண்டாலும், இயற்கை விதிப்படி கனமீற்றருக்கு ஏறக்குறைய 1 அலகு மின்சாரம் செலவாகியே தீரும். நல்ல நிலையமொன்று இன்று கடல்நீரை உறிஞ்சுவது முதல் நன்னீரை வெளியே அனுப்புவது வரை 3 முதல் 4 அலகு வரை செலவிடுகிறது. இந்த அளவுக்கு இறங்கியதற்குச் சவ்வு மட்டும் காரணமன்று. நன்னீர் பிரிந்தபின் வெளியேறும் உப்புநீர் உள்ளே போன அமுக்கத்தைப் பெரும்பாலும் அப்படியே வைத்திருக்கிறது. முன்பு அது வீணாயிற்று. இப்போது அந்த அமுக்கத்தை நேராகவே புதிதாக வரும் கடல்நீருக்கு மாற்றிக் கொடுக்கும் கருவிகள் உள்ளன. அவை உப்புநீரில் உள்ள ஆற்றலில் 95 வீதத்துக்கும் மேல் மீட்டுவிடுகின்றன. இந்த நுட்பம் நமக்கு அந்நியமானதும் அன்று. யாழ்ப்பாணத்தின் தாளையடியில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைத் தரக்கூடியது. மேலே சொன்ன வீதத்தில் பெருக்கினால், அது முழு அளவில் இயங்கும் நாளில் 72,000 முதல் 96,000 அலகு வரை மின்சாரம் தேவைப்படும் என்று கணக்கு வருகிறது. நன்னீராக்கலை எளிய தீர்வாகப் பேசுகின்ற எவரும் இந்தப் பெருக்கலை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

வளைகுடாவில் பழைய நிலையங்கள் பெரும்பாலும் கடல்நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி நீர் பிடித்தன. மின்நிலையத்தின் நீராவியையே அதற்குப் பயன்படுத்தியதால் மின்சாரமும் தண்ணீரும் ஒன்றோடொன்று கட்டுண்டு கிடந்தன. குளிர்காலத்தில் குளிரூட்டிகள் ஓய்ந்து மின்தேவை சரிந்தாலும் தண்ணீருக்காக எரிபொருளை எரித்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. சவ்வு நிலையங்கள் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டன. அபூதாபியின் தவீலாவில் நாளொன்றுக்கு 9 இலட்சம் கனமீற்றருக்கும் மேல் தரும் சவ்வு நிலையம் எழுந்திருப்பதும், பகல் வெயிலில் கிடைக்கும் சூரிய மின்சாரத்தை இத்தகைய நிலையங்களுக்குத் திருப்புவதும் இந்த மாற்றத்தின் விளைவுகளே.

ஆனால் எஞ்சும் உப்புநீர் போகவேண்டிய இடம் அதே கடல்தான். ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வு, உலகின் நன்னீராக்கல் நிலையங்கள் நாளொன்றுக்கு 95 மில்லியன் கனமீற்றர் நன்னீரைத் தரும்போது 142 மில்லியன் கனமீற்றர் செறிந்த உப்புநீரை வெளியேற்றுகின்றன என்றும், அதில் 55 வீதம் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு இராச்சியம், குவைத், கட்டார் ஆகிய நான்கு நாடுகளிலிருந்து வருகிறது என்றும் கணக்கிட்டது. ஒடுங்கிய வாயை உடைய ஆழமற்ற கடலுக்கு இது சிறிய சுமையன்று.

இந்த நகரங்களின் உண்மையான பலவீனம் சேமிப்பில் இருந்தது. உன்னிச்சைக் குளத்திலோ சேனநாயக்க சமுத்திரத்திலோ ஒரு மாரியின் நீர் அடுத்த போகம்வரை தங்கியிருப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, கோடிக்கணக்கான பணம் புழங்கும் நகரமொன்றிடம் சில நாட்களுக்கான தண்ணீர் மட்டுமே கையிருப்பில் இருக்கும் என்பதை நம்புவது கடினம். தாங்கிகளில் உள்ளது தீர்ந்தால் கடலைத் தவிர வேறு வழியில்லை. கடலோ எப்போதும் ஒரே தன்மையில் இருப்பதில்லை. 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரில் கடலில் பரவிய எண்ணெய்ப் படலம் சவூதியின் ஜுபைல் நிலையத்தின் நீர்வாயை நெருங்கியபோது மிதவைத் தடுப்புகளைப் போட்டு அதைக் காத்தார்கள். 2008இன் பிற்பகுதியில் தொடங்கி 2009வரை நீடித்த செந்நிற அல்கா (நுண்பாசி) பெருக்கம் வடிகட்டிகளை அடைத்து, ஐக்கிய அரபு இராச்சியத்திலும் ஓமானிலும் நிலையங்கள் சிலவற்றைக் கிழமைக்கணக்கில் மூடவைத்தது. தண்ணீரைக் குவித்து வைக்கலாமென்றால் திறந்த குளம் அங்கே உதவாது. ஆண்டுக்கு 2 மீற்றருக்கும் மேல் ஆவியாகிப் போய்விடும். கட்டார் மண்ணுக்குள் புதைந்த மாபெரும் கொங்கிரீட் தாங்கிகளைக் கட்டியது. அபூதாபி வேறு வழியை எடுத்தது.

லிவா என்பது அபூதாபியின் தெற்கே, பெரும் மணற்பாலையின் ஓரத்தில் உள்ள பசுந்தரை. அங்கே மணற்குன்றுகளுக்கு அடியில் பழைய நன்னீர்ப் படையொன்று இயற்கையாகவே இருந்தது. கடற்கரையில் ஆக்கிய நன்னீரைக் குழாய்வழியே அங்கே கொண்டுபோய், நிலத்தடியில் அமைத்த ஊடுவடிப்புப் படுகைகள் மூலம் மணலுக்குள் கசியவிட்டார்கள். 27 மாதங்கள் இடைவிடாமல் இறக்கி 26 மில்லியன் கனமீற்றர் சேர்த்து, 2018 ஜனவரியில் சேமிப்பகத்தைத் திறந்துவைத்தார்கள். அவசர காலத்தில் 10 இலட்சம் பேருக்கு ஆளுக்கு 180 லீற்றர் வீதம் 90 நாட்களுக்கு நீர் தருவதற்கே அது. பெருக்கினால் இந்தத் தேவை 16 மில்லியன் கனமீற்றருக்குச் சற்று மேல். இறக்கியதைவிட இது குறைவு. மண்ணுக்குள் விட்ட நீர் ஓரங்களில் உவர்நீருடன் கலப்பதால் முழுவதும் கைக்குத் திரும்புவதில்லை. ஆகவே இத்தகைய சேமிப்பில் அந்த இழப்பையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஆனாலும் அங்கே வெயில் படாது, அல்கா வளராது, குண்டு விழுந்தாலும் உடைவதற்குச் சுவர் இல்லை.

இதைப் படித்தபோது என் மனம் நேரே ஊருக்கு ஓடியது. ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக, கல்லடி முதல் காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று நீளும் எங்கள் மணல்மேடு இயற்கை கட்டித்தந்த ஒரு லிவா. மட்டக்களப்பில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. அபூதாபியில் 100 மில்லிமீற்றர்கூட இல்லை. 27 மாதங்கள் பாடுபட்டு லிவாவில் சேர்த்த அதே அளவு நீர், எழுவான்கரையில் ஏறக்குறைய 16 சதுர கிலோமீற்றர் நிலத்தில் ஓராண்டில் தானாக விழுந்துவிடுகிறது. விழுவது எல்லாம் நிலத்துக்குள் இறங்குவதில்லை; ஒரு பகுதி கடலுக்கும் வாவிக்கும் ஓடும், ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதியை மரங்கள் குடிக்கும். எஞ்சி இறங்கும் நீர், உப்புநீரைவிடப் பாரம் குறைந்ததால் அதன்மேல், நடு தடித்து ஓரம் மெலிந்த வில்லை வடிவில் மிதந்து நிற்கிறது. இந்த வில்லையின் கணக்கைப் பாடன் கைபன், ஹேர்ஸ்பேர்க் என்ற இருவர் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தனித்தனியே கண்டுசொன்னார்கள். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். மறுபக்கம் பார்த்தால், நீர்மட்டத்தை நிரந்தரமாக 1 அடி தாழ்த்துகிற ஊர் அடியிலிருந்து 40 அடி நன்னீரை இழக்கிறது.

2004 டிசெம்பர் 26க்குப் பிறகு இந்தக் கணக்கு எங்கள் கண்முன்னே நடந்தது. கடலலை புகுந்து உவராகிய கிணறுகளை உடனே சுத்தமாக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், இயந்திரம் வைத்து மறுபடி மறுபடி இறைத்தார்கள். சேற்றையும் குப்பையையும் அகற்ற ஓரளவு இறைப்பு வேண்டியிருந்தது உண்மை. ஆனால் அளவுக்கு மீறி இறைத்த கிணறுகளில், அடியில் கிடந்த உப்புநீர் மேலெழுந்து வந்து நிலைமையை இன்னும் கெடுத்தது. உப்பைப் பெருமளவில் கழுவி இறக்கியது பின்னர் வந்த மாரிமழைதான். இயந்திரத்தை நிறுத்திவிட்டு மழைக்குக் காத்திருக்க வேண்டும் என்ற அறிவுரையை அந்த நாட்களில் ஏற்பது எவருக்கும் எளிதாக இருந்திருக்காது.

சேமிப்பை அடுத்து நிற்பது மறுபயன். இதில் நான் மிக மதிக்கும் நகரம் நமீபியாவின் தலைநகரான வின்ட்ஹூக். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அதற்குப் பல நூறு கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது, கடலும் தூரம். 1968இல் அது உலகில் எந்த நகரமும் நிரந்தரமாகச் செய்யத் துணியாத ஒன்றைச் செய்தது: வீடுகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி குடிநீர்க் குழாயிலேயே சேர்த்தது. 2002இல் வந்த புதிய கொரெங்காப் நிலையம் நாளொன்றுக்கு 21,000 கனமீற்றர் தரக்கூடியது. ஓசோன், உயிரியல் கரி, செயலூட்டிய கரி, நுண்வடிகட்டிச் சவ்வு, குளோரீன் என்று ஒன்று தவறினாலும் அடுத்தது பிடிக்கும் வகையில் தடைகளை அடுக்கியிருக்கிறார்கள். இவற்றுள் எதுவும் தொடக்கத்தில் எடுத்த ஒரு முடிவுக்கு ஈடாகாது என்பது என் கருத்து. தொழிற்சாலைகளின் கழிவை வீட்டுக் கழிவுடன் சேரவிடாமல் வேறு வழியில் திருப்பினார்கள். பாரஉலோகங்களும் இரசாயனங்களும் கலந்தபின் எந்தச் சவ்வை வைத்தும் மக்களின் நம்பிக்கையைப் பெற முடியாது.

டெல் அவிவ் பகுதியின் கழிவுநீரை இஸ்ரேலியர்கள் சுத்திகரித்தபின் கடலோர மணற்படுகைகளில் இறக்கி, மாதக்கணக்கில் மணலுக்குள் தங்கவிட்டு, மறுபடி இறைத்துத் தெற்கே நெகேவ் பாலையின் வயல்களுக்கு அனுப்புகிறார்கள். இங்கும் மணல்தான் வேலைசெய்கிறது. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ், வீட்டுக்குள் பயன்படும் நீரை ஏறத்தாழ முழுவதும் சுத்திகரித்து, தான் நீர் எடுக்கும், கொலராடோ ஆற்றிலுள்ள மீட் ஏரிக்கே திருப்பி அனுப்புகிறது. எவ்வளவு திருப்பி அனுப்புகிறதோ அவ்வளவை மறுபடி எடுத்துக்கொள்ள அதற்கு உரிமை உண்டு. ஆகையால் அந்த நகரத்தில் குளியலறையில் ஓடும் நீர் இழப்பாகாது. புற்றரையில் தெளிக்கும் நீர் திரும்பி வராது. இதை விளங்கிக்கொண்ட பின்னர் புல்லைப் பிடுங்குவோருக்குப் பணம் கொடுத்தார்கள். 2021இல், அழகுக்காக மட்டும் இருக்கும் புற்றரைகளுக்கு ஆற்றுநீர் பாய்ச்சுவதை 2026இன் முடிவோடு நிறுத்தவேண்டும் என்று நெவாடா மாநிலம் சட்டமும் இயற்றியது. 2002க்குப் பின் நகரத்தில் பல இலட்சம் பேர் கூடியும் கொலராடோ ஆற்றிலிருந்து எடுக்கும் நீர் குறைந்திருக்கிறது. அரிசோனாவின் பாலோ வேர்டே அணுமின் நிலையமும் பீனிக்ஸ் பகுதியின் சுத்திகரித்த கழிவுநீரிலேயே தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது.

இவற்றுக்கு எதிரான பாதை பழைய நிலத்தடி நீரைச் சுரங்கம்போல் தோண்டித் தீர்ப்பதாகும். லிபியா 1980களில் தொடங்கிய பெருங்குழாய்த் திட்டம், சகாராவுக்கு அடியில் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கிடக்கும் நீரைக் கடற்கரை நகரங்களுக்குக் கொண்டுவந்தது. பொறியியலாகப் பார்த்தால் அது வியப்புக்குரிய வேலை. ஆனால் அந்த நீர் மறுபடி ஊறாது. சவூதி அரேபியா அதே வகை நீரில் பாலையில் கோதுமை விளைவித்து, ஒரு கட்டத்தில், 2016இல், உள்நாட்டுக் கோதுமைக் கொள்வனவை நிறுத்தியது. ஓமானின் பலஜ் கால்வாய்களிலும் ஈரானின் கனாத்துகளிலும் இந்த ஆபத்து இல்லை. மலையடியிலிருந்து சரிவாக வெட்டிய சுரங்கம் வழியே நீர் தானாக வருகிறது. மலை கொடுப்பதைவிட அதிகமாக எடுக்க வழியே கிடையாது. ஓமானின் ஐந்து பலஜ் தொகுதிகள் 2006இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. அங்கே சூரியனின் நிழலையும் இரவில் விண்மீன்களையும் பார்த்து ஒவ்வொருவருக்கும் உரிய நேரத்தைப் பிரித்தார்கள் என்று அறிந்தபோது, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்களில் வாய்க்கால் முறையைக் காக்கும் வட்டை விதானையாரைத்தான் நினைத்துக்கொண்டேன். பங்கீட்டைக் கவனிக்க ஆளும், அந்த ஆளின் சொல்லுக்கு மதிப்பும் இல்லாமல் எந்தக் கால்வாயும் நூற்றாண்டுகளைக் கடந்ததில்லை.

இப்போது உன்னிச்சை நீர் வவுணதீவில் சுத்தமாகி, வாவியைக் கடந்து எங்கள் வீடுகளுக்குக் குழாயில் வருகிறது. அம்பாறைக் கரையோர ஊர்களுக்குக் கொண்டவட்டுவான் பக்கமிருந்து வருகிறது. இது பெரிய பேறு. ஆனால் குழாய் வந்த வீடுகளில் கிணற்றைக் கவனிப்பாரில்லை. உன்னிச்சை முதலில் வயலுக்கான குளம் என்பதை மறந்து, கச்சான் காற்று வீசும் கோடையிலும் அது எல்லோருக்கும் என்றென்றும் போதும் என்று இருந்துவிட முடியாது. இரண்டாவது கையிருப்பு காலடியில் இருக்கிறது. அதற்குள் நாங்கள் எதை இறக்குகிறோம் என்பதே என் கவலை. காத்தான்குடிபோல் நெருக்கமாக மக்கள் வாழும் ஊர்களில் மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே சில அடிகளே உள்ளன. அடிப்பக்கம் திறந்த குழியிலிருந்து இறங்குவதை எங்கள் மணல் விரைவாகக் கடத்திவிடும். கிருமிகளை ஓரளவு வடிக்கும் மணல் நைத்திரேற்றை வடிப்பதில்லை. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது, குறிப்பாகப் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை அது கெடுப்பதனாலேயே.

எனவே கிழக்குக் கரைக்கும் கடல்நீர் நிலையம் வேண்டுமா என்ற பேச்சு எழும்போது, அதற்கு முன்னதாகச் செய்யக்கூடிய வேலைகள் உள்ளன என்று சொல்ல விரும்புகிறேன். நெருக்கமான ஊர்களுக்குக் கழிவுநீர்க் குழாய் வேண்டும். அது வரும்வரை புதிதாகக் கட்டும் வீடுகளின் குழிகள் அடி மூடியவையாக இருக்க வேண்டும். கூரைநீரை வீதிக்குத் தள்ளாமல் வளவுக்குள்ளேயே மணலில் இறக்க வேண்டும். கொங்கிரீட் கல்லால் முழுவளவையும் மூடிவிடும் வழக்கம் அண்மைக் காலத்தில் பரவியிருக்கிறது. அது மழைக்கும் வில்லைக்கும் நடுவே இடப்படும் மூடி. பாடசாலை விஞ்ஞானக் கூடங்களிலும் வைத்துப் பழகக்கூடிய சிறிய மின்கடத்துதிறன் மானி ஒன்றைக் கொண்டு, ஊருக்குச் சில கிணறுகளைத் தெரிந்து, மாரிக்கு முன்னும் பின்னும் உப்பின் அளவைக் குறித்துவைக்கலாம். நீர்மட்டத்தையும் சேர்த்துக் குறித்தால் இன்னும் நல்லது. அத்தகைய பதிவேடு சில ஆண்டுகளுக்காவது இருந்தால், எந்த ஊரில் வில்லை மெலிகிறது, எங்கே இறைப்பைக் குறைக்க வேண்டும் என்பதை அனுமானமின்றிச் சொல்லலாம். அதே கிணறுகளில் நைத்திரேற்றையும் சோதித்து வந்தால், கழிவுநீர்க் குழாயை எந்த வட்டாரத்திலிருந்து தொடங்குவது என்பதற்கும் அந்தப் பதிவேடே விடை தரும்.